4294967295: ஓர் எண்ணின் வரலாறு

சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை தெரியாதவர்கள் இருக்க முடியாது. சதுரங்கத்தைக் கண்டுபிடித்த அறிஞரிடம் அரசன் "என்ன பரிசு வேண்டும், கேள்" என்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக்கி 64 கட்டங்களுக்கும் தர வேண்டும் என்று அறிஞர் கேட்கிறார். "இவ்வளவுதானா?" என்று அரசன் சிரிக்கிறான். கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கிருஷ்ணன் பெயரில் சொல்லப்படுகிறது. அந்தக் கோயிலின் பால்பாயசத்துக்கும் அந்தக் கதையையே காரணமாகச் சொல்வார்கள்.

கதை சொல்பவர்கள் எல்லோரும் 64-ஆவது கட்டத்துக்கு ஓடிவிடுகிறார்கள். பாதி வழியில், 32-ஆவது கட்டத்தில், சற்று நின்று பார்த்தால் அதைவிடச் சுவாரசியமான எண் ஒன்று கிடைக்கிறது. பாதிப் பலகை நிரம்பும்போது அதில் இருக்கும் மணிகளின் எண்ணிக்கை 4,29,49,67,295. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. கணக்கில் சொன்னால், 2-இன் 32-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது.

இந்த எண் 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நீதிமன்ற அதிகாரி ஒருவரின் கடிதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் பிறகு வடிவியலில் ஒரு சாதனையைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. கடைசியில் இணையத்தையும் அமெரிக்கப் பங்குச் சந்தையையும் தடுக்கி விழ வைத்திருக்கிறது. ஒரே எண் எப்படி இத்தனை இடங்களில் வந்து நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாதிப் பலகையும் முழுப் பலகையும்

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு கிராமுக்குச் சுமார் 40 அரிசி என்று வைத்துக்கொண்டால் பாதிப் பலகையின் கணக்கு ஏறக்குறைய 107 டன். பத்துப் பதினோரு லாரி லோடு. ஒரு அரசனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. பாதி முடிந்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்திருப்பான்.

முழுப் பலகையின் கூட்டுத்தொகை 18446744073709551615. அதே எடைக் கணக்கில் இது 46 ஆயிரம் கோடி டன்னைத் தாண்டுகிறது. இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முழுப் பலகையின் எண்ணைப் பாதிப் பலகையின் எண்ணால் வகுத்தால் மீதி இல்லாமல் 4294967297 வருகிறது. பாதிப் பலகையின் எண்ணைவிட இரண்டே இரண்டுதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் போன்ற இந்த 4294967297 கணித வரலாற்றில் மிகப் பிரபலமான எண். அதைப் பற்றிப் பேசும் முன் 4294967295-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து பகா எண்கள்

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

காரணிகள் ஐந்தும் பகா எண்கள். ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. பெருக்கலைப் படிப்படியாகச் செய்து பார்த்தால் இவற்றின் ஒழுங்கு புரியும்.

3 × 5 = 15
15 × 17 = 255
255 × 257 = 65535
65535 × 65537 = 4294967295

ஒவ்வொரு வரியிலும் விடையுடன் இரண்டைக் கூட்டினால் அடுத்துப் பெருக்க வேண்டிய எண் கிடைக்கிறது. 15-க்கு 17, 255-க்கு 257, 65535-க்கு 65537. பள்ளியில் படித்த (a−1)(a+1) = a²−1 என்ற சூத்திரம்தான் இதற்குக் காரணம். 65535 × 65537 என்பது 65536-இன் வர்க்கத்திலிருந்து ஒன்று குறைவு. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அப்படியானால் 4294967295-க்கு அடுத்து வர வேண்டியது 4294967297. முந்தைய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால் இதுவும் பகா எண்ணாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை.

ஃபெர்மாவின் நம்பிக்கை

பியர் டி ஃபெர்மா பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர். கணிதம் அவருக்குத் தொழில் அல்ல, ஓய்வு நேர ஆர்வம். கண்டுபிடித்ததைப் புத்தகமாக எழுதும் பழக்கமும் அவருக்கு இல்லை. நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவதோடு சரி.

1640-இல் பிரெனிக்கிள் டி பெஸி என்ற கணித ஆர்வலருக்கு எழுதிய கடிதத்தில் அவர் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற வரிசையைக் குறிப்பிட்டார். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், கிடைக்கும் எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. இவ்வாறு கிடைக்கும் எல்லா எண்களும் பகா எண்களே என்பது ஃபெர்மாவின் கருத்து. நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆனாலும் அது உண்மை என்று உறுதியாக நம்பினார்.

முதல் ஐந்து எண்களும் சரியாக வந்துவிட்டன. ஆறாவது எண் பத்து இலக்கம். அதைச் சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 116-ஆவது வகுத்தலில் உண்மை தெரிந்திருக்கும். கையால் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒழுங்கு அவ்வளவு அழகாக இருந்தது. சரிபார்க்கத் தேவையில்லை என்று அந்த அழகே சொல்லிவிட்டது போலிருக்கிறது. 1665-இல் ஃபெர்மா இறந்தபோது அவருடைய கூற்று அப்படியே இருந்தது.

ஆய்லரின் வகுத்தல்

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், இளைஞராக இருந்த ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் முடிவில் பின்குறிப்பாக, ஃபெர்மாவின் இந்தக் கூற்றைக் கவனித்தீர்களா என்று கேட்டிருந்தார். எண்கணிதத்தில் ஆய்லரின் ஆர்வம் தீவிரமானதற்கு இந்தப் பின்குறிப்பு ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லப்படுகிறது.

1732-இல், 25 வயதில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆய்லர் விடையைச் சொன்னார்.

4294967297 = 641 × 6700417

பகா எண் இல்லை! ஃபெர்மாவின் கூற்று ஆறாவது எண்ணிலேயே உடைந்துவிட்டது.

இப்படிப்பட்ட எண்ணுக்கு வகுத்தி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இதன் நிரூபணத்தை ஆய்லர் பிற்காலத்தில் எழுதினார். இந்த விதி தெரிந்தால் வேலை மிகக் குறைந்துவிடுகிறது. 65, 129, 193, 257, 321 என்று 64 கூட்டிக்கொண்டே போய், அவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641 என்று வரும். முதல் நான்கும் பொருந்தாது. ஐந்தாவது பொருந்திவிடுகிறது.

ஆக, இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு எண்களின் குணம் முற்றிலும் வேறு. 4294967295 ஐந்து ஃபெர்மா பகா எண்களையும் தன்னுள் வைத்திருக்கிறது. 4294967297-இல் அந்த வரிசை அறுந்துபோகிறது. இன்றுவரை ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காஸும் பலகோணமும்

இந்தப் பகா எண்கள் வெறும் வேடிக்கைப் பொருளாகவே இருந்திருக்கலாம். 1796 மார்ச் 30 அன்று நிலைமை மாறியது. அன்று 18 வயது நிரம்பிய கார்ல் பிரீட்ரிக் காஸ் என்ற ஜெர்மானிய மாணவர், அளவுகள் குறிக்காத ஸ்கேலையும் காம்பஸையும் மட்டும் வைத்து 17 சம பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் வரைவது பழைய கிரேக்கர்களுக்கே தெரியும். 15 பக்கமும் தெரியும். ஆனால் 17 பக்கம் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒருவருக்கும் தெரியாது. மொழியியல் படிப்பதா கணிதம் படிப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த காஸ், இதற்குப் பிறகு கணிதத்தையே தேர்ந்தெடுத்தார். அவர் பிறந்த பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள அவருடைய சிலையின் பீடத்தில் 17 முனை நட்சத்திரம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது.

பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்கும்போது மட்டுமே அந்தப் பலகோணத்தை இப்படி வரைய முடியும். காஸ் 1801-இல் தன் நூலில் இதை எழுதினார். "மட்டுமே" என்ற பகுதியின் நிரூபணத்தை 1837-இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டார்.

தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து. அவற்றை விதவிதமாகச் சேர்த்தால் 31 எண்கள் கிடைக்கும். அந்த 31-இல் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கினால் வரும் 4294967295. காம்பஸால் வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிக அதிகப் பக்கங்கள் கொண்டது இதுவே.

எவ்வளவு பெரியது? பூமத்திய ரேகை முழுவதையும் சுற்றி இந்தப் பலகோணத்தை வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு, சுமார் 9 மில்லிமீட்டர். வரைய முடியும் என்று கணிதம் சொல்கிறது. வரைவதற்கு மனிதனால் ஆகாது. 65537 பக்கத்துக்கே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உழைத்து 1894-இல் முடித்தார். 200 பக்கத்துக்கும் மேற்பட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது.

இதே 31 எண்களும் பாஸ்கல் முக்கோணத்தில் ஒளிந்திருக்கின்றன. (நம் நாட்டில் பிங்கலரின் சந்த சாஸ்திரத்துக்கு 10-ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரையில் வரும் மேரு பிரஸ்தாரமும் இதுதான்.) முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று எழுதுங்கள். வரிகள் 1, 11, 101, 1111, 10001 என்று வரும். இவற்றை இரும எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17. அடுத்து 51, 85, 255, 257. முதல் வரியை விட்டுவிட்டால் 32-ஆவது வரி வரை வரும் 31 எண்களும் அந்த 31 பலகோணங்கள்தான். 32-ஆவது வரியில் எல்லாமே 1. அதாவது 32 ஒன்றுகள். அதுதான் 4294967295.

கணினிக்குள் வந்த எண்

32 ஒன்றுகள் என்று சொன்னதும் கணினி படித்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். கணினி எல்லாவற்றையும் 0, 1 என்ற பிட்டுகளாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஓர் எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினால், அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் 32 ஒன்றுகள் கொண்ட எண்.

ஃபெர்மா தன் அடுக்குகளை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்தார். கணினிப் பொறியாளர்களும் பிட்டுகளை 8, 16, 32 என்று இரட்டித்தார்கள். அதனால் மேலே பெருக்கிய படிகளில் வந்த 255, 65535, 4294967295 மூன்றுமே கணினிக்குள் எல்லைக் கற்களாக நிற்கின்றன.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். 32 பிட் எண்ணும் 4294967295-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அல்லது கூடுதலாக வருவதை ஏற்காமல் விட்டுவிடும்.

இது விளையாட்டு விஷயம் இல்லை. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்க்க அந்தப் பழைய வகைக் கோப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். கோப்பு நிரம்பியதும் மீதி விவரங்கள் விடுபட்டுப் போயின. 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமானது.

முகவரிப் பஞ்சம்

32 பிட் எல்லையில் மிகப் பெரிய அளவில் முட்டிக்கொண்டது இணையம். இணையத்தில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி வேண்டும். 1970-களின் இறுதியில் முகவரிக்கு எத்தனை பிட் ஒதுக்குவது என்று விவாதம் நடந்தது. 128 பிட் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். அந்தத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த வின்ட் செர்ஃப் 1977-இல் 32 பிட் போதும் என்று முடிவு செய்தார். இது ஒரு சோதனைதானே, 429 கோடி முகவரி போதாதா என்பதே தன் எண்ணமாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். சோதனை முடியவே இல்லை. அதுவே இன்றைய இணையமாகிவிட்டது.

முகவரிகள் 0 முதல் 4294967295 வரை. அந்தக் கடைசி எண்ணை வழக்கமான முறையில் எழுதினால் 255.255.255.255. இந்த விதிமுறை 1981 செப்டம்பரில் வெளியானது. அப்போதே உலக மக்கள்தொகை சுமார் 450 கோடி. ஆளுக்கு ஒரு முகவரி என்றால்கூட அன்றைக்கே போதாது! ஆனால் வீட்டுக்கு வீடு, சட்டைப்பைக்குச் சட்டைப்பை கணினி வரும் என்று அன்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. தொடக்க காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கொடுக்கப்பட்டன.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. இணையத்துக்குள் முன்பே வந்த நாடுகளுக்கு நிறைய, பின்னால் வந்த நாடுகளுக்குக் கொஞ்சம் என்பது இதன் விளைவு.

பற்றாக்குறை வந்தால் விலை வரும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். இலவசமாகக் கொடுக்கப்பட்ட எண்கள் விற்பனைச் சரக்காயின. 2011-இல் திவாலான நார்ட்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓர் எண்ணின் விலை 11.25 டாலர். 2017-இல் எம்.ஐ.டி.யும் தன் முகவரிகளில் சுமார் பாதியை விற்க முன்வந்தது.

128 பிட் கொண்ட புதிய முறை 1990-களிலேயே தயாராகிவிட்டது. ஆனால் பழைய முறையை ஒரே நாளில் கைவிட முடியாதே! ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டால் பழைய முறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. முகவரிகள் குறைவாகக் கிடைத்த இந்தியா புதிய முறையை வேகமாக ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்றாக ஆனது.

ஒரு பங்கின் விலை

வாரன் பஃபெட் 1965-இல் கைப்பற்றிய பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் 'ஏ' வகைப் பங்குகள் ஒருமுறைகூடப் பிரிக்கப்பட்டதில்லை. மற்ற நிறுவனங்கள் விலை ஏறினால் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்து விலையைக் குறைத்துக்கொள்ளும். பஃபெட் அதைச் செய்யவில்லை. அவர் 1962-இல் வாங்கத் தொடங்கியபோது ஒரு பங்கு 8 டாலருக்கும் குறைவு. 2021 மே மாதத் தொடக்கத்தில் அது 4,21,000 டாலரைத் தாண்டியது.

நாஸ்டாக் சந்தையின் விலை அறிவிப்புக் கணினிகள் விலையை டாலரின் பத்தாயிரத்தில் ஒரு பங்காக மாற்றி முழு எண்ணாக வைத்திருந்தன. ரூபாய்க் கணக்கைப் பைசாவில் எழுதுவது போன்றதுதான். தசமப் புள்ளியால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க இது நல்ல வழி. ஆனால் அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட். 4294967295-ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் 4,29,496.7295 டாலர். அதற்கு மேல் ஒரு பங்கின் விலையை எழுத இடமில்லை!

பெர்க்ஷயர் பட்டியலிடப்பட்டிருப்பது நியூயார்க் பங்குச் சந்தையில். அதனால் வியாபாரம் நிற்கவில்லை. ஆனால் விலை எல்லையை நெருங்கியதும் நாஸ்டாக் அந்தப் பங்கின் விலையை ஒளிபரப்புவதை மே மாதம் சில நாட்கள் நிறுத்தி, கணினி நிரலைத் திருத்தியது. எந்தப் பங்கும் 4 லட்சம் டாலருக்குப் போகும் என்று நிரல் எழுதியபோது நினைத்திருக்க மாட்டார்கள்.

தொடக்கத்தைப் பார்த்து முடிவைச் சொல்வது

இத்தனை சம்பவங்களிலும் நடந்தது ஒன்றேதான். அரசன் முதல் சில கட்டங்களைப் பார்த்து மொத்தத்தையும் முடிவு செய்தான். ஃபெர்மா முதல் ஐந்து எண்களைப் பார்த்து எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னார். இணையத்தை அமைத்தவர்கள் அன்றிருந்த கணினிகளைப் பார்த்து முகவரி போதும் என்றார்கள். பங்குச் சந்தையில் அதுவரை இருந்த விலைகளைப் பார்த்து இடம் ஒதுக்கினார்கள். இவர்களில் யாரும் அறிவு குறைந்தவர்கள் அல்ல. கையில் இருந்த ஆதாரம் அத்தனையும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. இரட்டித்துக்கொண்டே போகும் விஷயத்தில் தொடக்கம் எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. சேமிப்புக்கும் கடனுக்கும் போடும் கூட்டு வட்டிக்கும் இதே குணம் உண்டு.

இன்றும் இதே பொறி காத்திருக்கிறது. ஃபெர்மாவின் வரிசையில் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு வரும் 28 எண்களும் பகா எண்கள் அல்ல என்று தெரிந்துவிட்டது. அதைப் பார்த்து, "இனிமேல் ஃபெர்மா பகா எண்ணே கிடையாது" என்று பலர் கருதுகிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் நிரூபணம் இல்லை. அடுத்து வரும் எண் பகா எண்ணா இல்லையா என்றுகூட இன்னும் தெரியாது. அதை எழுத மட்டும் சுமார் 258 கோடி இலக்கங்கள் வேண்டும்.

ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால், மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் என்ற பட்டத்தை 4294967295 அன்றே இழந்துவிடும். கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபித்தால் பட்டம் நிரந்தரம். அதுவரை பக்கத்து எண்ணில் ஃபெர்மாவுக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, "இதுவரை தெரிந்தவற்றில்" என்ற சொற்களைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.